கைகோத்து ஆடிய இசை: வைனோவின் பிறப்பு பற்றிய நூறாண்டு வாதம்

பெருவின் மலைநாட்டில் கல்யாணம், ஊர்த் திருவிழா, கால்நடைகளுக்குக் குறி போடும் நாள், ஊரைவிட்டுப் போகிறவருக்கு வழியனுப்பு என எதற்கும் வைனோ உண்டு. பொலிவியாவில் இதை வைன்யோ என்கிறார்கள். அர்ஜென்டினாவின் வட எல்லையிலுள்ள ஹூஹுய் மாகாணத்திலும் சிலியின் வடகோடியிலும் இதே ஆட்டப்பாட்டு ஒலிக்கிறது. ஆண்டிஸ் மலைத்தொடரின் இசை என்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு வைனோவும் அதன் உறவுகளும்தான். இந்த இசையைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கேள்வி ஓயாமல் கேட்கப்பட்டு வருகிறது. இது இன்காக்கள் விட்டுச்சென்ற இசையா, ஸ்பானியர் வந்த பிறகு பிறந்ததா?

பார்வைக்கு இது இசையறிஞர்களின் கேள்வி. பெருவில் இதற்குள் இன்னொரு கேள்வியும் இருந்திருக்கிறது: இந்த நாட்டின் பண்பாடு யாருடையது? அதனால்தான் பதில் சொன்னவர்களின் காலமும் ஊரும் நோக்கமும் பதில்களில் அழுத்தமாகப் படிந்திருக்கின்றன. சிலர் சுரங்களை எண்ணினார்கள், சிலர் பழைய அகராதிகளைப் புரட்டினார்கள், சிலர் வாத்தியங்களின் வரலாற்றைத் தேடினார்கள், சிலர் பாடுகிறவர்களிடமே போனார்கள். நான்கு தரப்புக்கும் கிடைத்த வயது நான்கு விதம்.

இசையின் கட்டு

வைனோ இரண்டு தட்டுத் தாளத்தில் நடக்கும். ஒவ்வொரு தட்டும் ஒரு நீண்ட ஓசையாகவும் இரண்டு குறுகிய ஓசைகளாகவும் பிரியும். வாயால் சொன்னால் ‘தா தக, தா தக’ என்று வரும். ஆடுகிறவரின் காலில் அந்த நீளம் சற்றுச் சுருங்கும், குறுக்கங்கள் சற்று விரியும், சில ஊர்களில் மூன்றும் ஏறத்தாழ சமமாகவே ஆகிவிடும். பாட்டின் சொல் நீண்டால் அந்த அடிக்கு மட்டும் ஒரு தட்டைக் கூட்டிக்கொள்வதும் வழக்கம். ஐரோப்பியக் குறிமுறையில் வைனோவை எழுதியவர்கள் இந்த நெகிழ்வைப் பெரும்பாலும் சமன்செய்துவிட்டார்கள். எழுதப்பட்ட வைனோவை ஆதாரமாக வைத்து வாதிடும்போது இதை மறக்கக் கூடாது.

பெரும்பாலான மெட்டுகள் ஐந்து சுரத்தில் அமைந்தவை. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த ஐந்தும் சுத்த தன்யாசியின் சுரங்கள் என்றால் உடனே பிடிபடும். அதே ஐந்து சுரங்களில் ஆதாரத்தை மாற்றி வைத்தால் மோகனம் வரும். பண்ணுப்பெயர்த்தல் என்று நம் இசை நூல்கள் சொல்லும் இந்த இடமாற்றத்துக்கு நெருக்கமான ஒன்று வைனோவில் ஒரே பாட்டுக்குள், சில நொடிகளில், நடக்கிறது. அடியின் முதற்பாதி மோகனத்தின் வெளிச்சத்தில் தொடங்கும், பிற்பாதி சரிந்து இறங்கிச் சுத்த தன்யாசியின் ஆதாரத்தில் வந்து நிற்கும். கிதார் இருந்தால் முதற்பாதிக்கு மேஜர் சுரக்கூட்டும் முடிவுக்கு மைனர் சுரக்கூட்டும் விழும். மகிழ்ச்சியும் துயரமும் கலந்தது என்று வைனோவைப் பற்றி எல்லோரும் சொல்வதற்கு இந்தச் சரிவு ஒரு காரணமாக இருக்கலாம். இந்த ஒப்பீடு காதுக்கு வழிகாட்ட மட்டுமே. இரண்டு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை.

பாட்டு முடியும் தறுவாயில் ஃபூகா என்ற பகுதி வரும். பெயர் ஐரோப்பியச் செவ்விசையிலிருந்து வந்ததுபோல் தோன்றினாலும் அந்த வடிவத்துக்கும் இதற்கும் ஒட்டுறவில்லை. வேகம் கூடும், புதிய குறு மெட்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும், ஆடுகிறவர்கள் காலைத் தரையில் ஓங்கித் தட்டுவார்கள். அதுவரை பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் எழுந்து சேர்ந்துகொள்ளும் இடம் அது.

இரண்டு அகராதிகள்

எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையவை இரண்டு பாதிரியார்கள் தொகுத்தவை. இருவரும் இயேசு சபையினர். தியேகோ கொன்சாலஸ் ஒல்கின் 1608இல் லிமாவில் வெளியிட்ட கெச்சுவா அகராதியில் வைன்யு என்ற வேரிலிருந்து வரும் வினை இருக்கிறது. இருவர் இணையாகக் கைகோத்து ஆடுவது என்பது அதற்கு அவர் தரும் பொருள். லுதோவிகோ பெர்த்தோனியோ 1612இல் வெளியிட்ட ஐமாரா அகராதியில் அந்தச் சொல் நடனத்தைக் குறிக்கிறது.

ஸ்பானியர் கஹமார்காவில் இன்கா மன்னன் அதாவால்ப்பாவைச் சிறைபிடித்தது 1532இல். எழுபத்தாறு ஆண்டுகள் கழித்து அச்சான அகராதியில் ஒரு சொல் இருக்கிறது, அதுவும் இரு மலைமொழிகளில் இருக்கிறது என்றால் சொல்லும் அது குறித்த ஆட்டமும் பழையவை என்று கருத இடமுண்டு. ஆனால் அகராதி மெட்டைச் சொல்வதில்லை. 1608இன் வைன்யு எந்தச் சுரத்தில் பாடப்பட்டது, எந்தத் தாளத்தில் ஆடப்பட்டது என்பதற்கு அந்தப் பக்கங்களில் ஒரு குறிப்பும் கிடையாது. கைகோத்து ஆடும் இணை ஆட்டமேகூட அந்த எழுபது ஆண்டுகளில் ஸ்பானியரைப் பார்த்துப் பழகியதாக இருக்கக்கூடும் என்ற ஐயத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

அக்கால வரலாற்றாசிரியர்களிடம் போனால் வேறொரு சிக்கல். 1609இல் அரச மரபு பற்றிய தம் நூலை வெளியிட்ட இன்கா கார்சிலாசோ தெ லா வேகா, கோயா மக்களின் குழல்வரிசையைப் பற்றி எழுதுகிறார். 1615 வாக்கில் ஸ்பானிய மன்னருக்கு நெடிய கடிதமும் படங்களும் வரைந்த குவாமன் போமா பல பாட்டுவகைகளின் பெயர்களைத் தருகிறார். ஹராவி, கச்வா, ஹய்லி போன்றவற்றுக்குக் கிடைக்கும் இடம் இவர்களிடம் வைனோவுக்குக் கிடைப்பதில்லை. இந்த மௌனத்துக்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. 1560களில் ஆயகுச்சோ பகுதியில் தாக்கி ஓங்கோய் என்ற சமய எழுச்சி ஆட்டத்தின் வழியே பரவியது. அதன்பின் பெருங்கூட்டமாக ஆடும் சடங்கு ஆட்டங்களைத் திருச்சபை சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 17ஆம் நூற்றாண்டில் உருவ வழிபாட்டு ஒழிப்பு என்ற பெயரில் நடந்த சோதனைகளில் வாத்தியங்களும் அழிக்கப்பட்டன. இருவர் கைகோத்து ஆடும் சின்ன ஆட்டம் யார் கண்ணையும் உறுத்தாமல் தப்பி, பெரிய ஆட்டங்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் வளர்ந்திருக்கலாம் என்கிறார்கள். அழகான விளக்கம். மௌனத்தின் மேல் கட்டியது என்பதால் இதை ஊகமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து சுரங்களை நம்பிய தலைமுறை

இன்கா வேர் என்ற வாதம் அறிவியல் உடை அணிந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். குஸ்கோ நகரத்து இசைஞர் ஹோசே காஸ்த்ரோ மலைநாட்டு மெட்டுகளில் ஐந்து சுர அமைப்பு இருப்பதைச் சுட்டிக்காட்டினார். லியாந்த்ரோ அல்வினியா 1908இல் குஸ்கோ பல்கலைக்கழகத்தில் இன்கா இசை பற்றிய ஆய்வேட்டை அளித்தார். மலையூர்களில் நூற்றுக்கணக்கான மெட்டுகளைத் திரட்டிவந்த தானியேல் அலோமியா ரோப்ளேஸ் 1910இல் லிமாவின் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் தம் சேகரிப்பை முன்வைத்தபோது அரங்கம் அதை ஒரு கண்டுபிடிப்பாகவே வரவேற்றது. இவர்களின் வாதம் எளிமையானது. ஐரோப்பியரின் அளவுகோல் ஏழு சுரம், மலைமக்களின் மெட்டு ஐந்து சுரம், ஆகவே ஐந்து சுரம் இன்காக்களுடையது. அதற்குமேல் வரும் சுரங்கள் வெளியிலிருந்து ஒட்டியவை.

இந்த வாதத்துக்குப் பெரிய நூல் வடிவம் கொடுத்தவர்கள் பிரெஞ்சுத் தம்பதியரான ராவுல், மார்கெரித் தார்க்கூர். 1925இல் பாரிஸில் வெளியான ‘இன்காக்களின் இசையும் அதன் எச்சங்களும்’ என்ற அவர்களுடைய நூல் ஏராளமான மெட்டுகளை வகைப்படுத்தித் தந்தது. தூய ஐஞ்சுர மெட்டு, சிறிது கலந்த மெட்டு, பெரிதும் கலந்த மெட்டு என்று ஒரு வரிசை. தூய்மையை நோக்கிப் போகப் போகப் பழமையை நெருங்குகிறோம் என்பது அந்த வரிசையின் உள்ளே உறைந்திருக்கும் நம்பிக்கை. நூலின் தலைப்பில் உள்ள ‘எச்சங்கள்’ என்ற சொல்லே போதும். உயிரோடு பாடிக்கொண்டிருந்தவர்கள் இறந்துபோன பேரரசுக்குச் சாட்சிகளாக மட்டும் அழைக்கப்பட்டார்கள்.

அன்றைய பெருவுக்கு இந்த வாதம் தேவைப்பட்டது. 1879 முதல் 1883 வரை சிலியோடு நடந்த போரில் தோற்ற நாடு தன்னை மறுபடி கட்டியெழுப்பப் பெருமைக்குரிய கடந்தகாலத்தைத் தேடியது. இந்திஹெனிஸ்மோ என்ற இயக்கம் பழங்குடி மக்களின் பண்பாட்டை நாட்டின் அடித்தளமாக அறிவித்தது. 1913இல் லிமாவின் மாஸி அரங்கில் அலோமியா ரோப்ளேஸ் இசையமைத்த ‘எல் கொந்தோர் பாசா’ என்ற இசைநாடகம் மேடையேறியது. கதை இன்காக்களின் காலத்தது அல்ல, சுரங்க முதலாளிகளுக்கும் மலைத் தொழிலாளருக்கும் இடையிலான மோதல். அதன் மெட்டுதான் பின்னாளில் பாரிஸில் இருந்த லோஸ் இன்காஸ் குழுவின் வழியாக சைமன், கார்ஃபங்கல் இருவரிடம் போய்ச் சேர்ந்து 1970இல் உலகம் முழுவதும் கேட்டது. இசையமைத்தவர் பெயர் தெரிந்த இந்த மெட்டை ஆண்டிஸின் ஆதி நாட்டுப்பாடல் என்று எத்தனையோ பேர் நம்பினார்கள். மலைநாட்டு இசை என்றாலே பெயரில்லாதவர்களின் பழம்பொருள் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது.

1923இல் குஸ்கோவிலிருந்து லூயிஸ் வல்கார்செல் தலைமையில் இன்காக் கலைக்கான பெருவியக் குழு ஒன்று புறப்பட்டு லா பாஸ், புவனோஸ் ஐரிஸ், மொந்தேவிதேயோ நகரங்களில் நிகழ்ச்சி நடத்தியது. 1927 முதல் லிமாவின் அமன்காயஸ் திருவிழாவில் மலைநாட்டுக் குழுக்களுக்குப் போட்டி வைத்தார்கள். இன்கா உடை, இன்கா தலையணி, ஐந்து சுர மெட்டு மூன்றும் சேர்ந்து மேடையின் இலக்கணமாயின.

வாதத்தின் முதல் விரிசல் மண்ணுக்கடியிலிருந்து வந்தது. அர்ஜென்டினாவின் கார்லோஸ் வேகா 1930களின் தொடக்கத்தில் பழம்பெருவியரின் குழல்களில் அரைச்சுர இடைவெளிகள் இருப்பதை எடுத்துக்காட்டினார். தென்கடற்கரையின் நாஸ்கா பண்பாட்டினர் சுட்ட மண்ணில் செய்த அந்தாரா என்ற குழல்வரிசைகளை அந்திரேஸ் சாஸ் ஆராய்ந்தார், பிற்காலத்தில் செசார் போலான்யோஸ் இன்னும் நுணுகி ஆராய்ந்தார். ஊதினால் ஐந்து சுரத்துக்குள் அடங்காத ஒலிகள் அவற்றில் வந்தன. பழங்காலத்தில் ஐந்து சுரம் மட்டுமே இருந்தது என்ற கூற்று அத்தோடு நிற்க முடியாமல் போனது. தார்க்கூர் தரப்பின் சார்பாகச் சொல்ல ஒன்று உண்டு. நாஸ்கா கடற்கரைப் பண்பாடு, இன்கா பேரரசுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. அங்கே கிடைத்த குழல் இன்கா மலையூரின் பாட்டைப் பொய்யாக்கிவிடாது.

இரண்டாவது விரிசல் இன்னும் பெரியது என்பது என் கருத்து. ஐந்து சுரப் பண்கள் சீனத்தில் உண்டு, ஸ்காட்லாந்தில் உண்டு, ஆப்பிரிக்காவில் உண்டு, தமிழ்நாட்டில் உண்டு. இத்தனை இடங்களில் தானாக முளைக்கும் ஒன்றை ஒரு பேரரசின் முத்திரையாகக் கொள்ள முடியாது. ஒரு மெட்டில் ஐந்து சுரம் இருப்பது அது 1450இல் பாடப்பட்டதற்கும் சான்றில்லை, 1850இல் இயற்றப்பட்டதற்கும் சான்றில்லை. ஹூலியோ மெந்தீவில் போன்ற பிற்கால இசையியலாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ‘இன்கா இசை’ என்ற ஆய்வுப்பொருளே இந்தத் தலைமுறை படைத்துக்கொண்டது என்று வாதிட்டிருக்கிறார்கள்.

கடல் கடந்து வந்த நரம்புகள்

எதிர்த்தரப்பு வாத்தியங்களிலிருந்து தொடங்குகிறது. ஐரோப்பியர் வருமுன் ஆண்டிஸில் நரம்பு வாத்தியம் இருந்ததற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்பதில் பொதுவாக ஒருமித்த கருத்து நிலவுகிறது. கேனா குழலும் சிக்கு குழல்வரிசையும் மலைக்குச் சொந்தம். கிதார், வயலின், ஹார்ப் ஆகியவை பாதிரியார்களோடும் குடியேறியவர்களோடும் கப்பலில் வந்தவை. இன்றைய வைனோ பெரும்பாலும் நரம்பிசை. திருச்சபை வழியாக ஐரோப்பியப் பல்குரல் இசையும் வெகு சீக்கிரம் மலையேறியது. குஸ்கோவுக்கு அருகே அந்தவாய்லியாஸ் ஊர்ப் பங்குத்தந்தையாக இருந்த ஹுவான் பெரேஸ் போகானேக்ரா 1631இல் வெளியிட்ட நூலில் கெச்சுவா மொழியில் நான்கு குரல்களுக்கு அமைந்த ஒரு துதிப்பாடல் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் அச்சான பல்குரல் இசைகளில் முதலாவதாக அதைச் சொல்வார்கள். கெச்சுவாச் சொல்லும் ஐரோப்பிய இசைக்கூட்டும் நானூறு ஆண்டுகளாகக் கூடி வாழ்கின்றன. மெட்டுக்கு அடியில் சுரக்கூட்டு, நான்கடிச் செய்யுள், சில பாட்டுகளில் எட்டசை அடி போன்ற ஸ்பானிய யாப்பு என்று பட்டியலிட்டு, வைனோவின் உடல் காலனிய காலத்தில் உருவானது என்று இத்தரப்பு முடிக்கிறது.

இதன் பலவீனம், வந்த பொருளையும் அது மாறிய விதத்தையும் ஒன்றாக எண்ணிவிடுவது. ஆண்டிஸின் ஹார்ப்பைக் கவனித்தால் விஷயம் தெளியும். ஐரோப்பிய ஹார்ப்பைவிடப் பருத்த வயிறு, எடை குறைந்த மரம். குஸ்கோப் பகுதியில் ஊர்வலம் போகும்போது கலைஞர் அதைத் தலைகீழாகத் திருப்பித் தோளில் சாய்த்துக்கொண்டு, நடந்தபடியே மீட்டுகிறார். தாழ்ந்த நரம்புகள் தாளத்தையும் உயர்ந்த நரம்புகள் மெட்டையும் ஏந்திவருகின்றன. உட்கார்ந்து வாசிப்பதற்காக வந்த வாத்தியம், நடக்கும் சமூகத்தின் கையில் நடக்கக் கற்றுக்கொண்டது. சராங்கோவும் அப்படித்தான். ஐந்து இரட்டை நரம்பு கொண்ட அந்தச் சின்ன வாத்தியத்தின் முதுகை ஒருகாலத்தில் அர்மதில்லோ என்ற ஓட்டு விலங்கின் கூட்டால் செய்தார்கள். ஸ்பானிய வாத்தியக் குடும்பத்திலிருந்து கிளைத்த அது ஸ்பெயினில் எங்கும் இல்லை. ஆயகுச்சோவிலும் பிற ஊர்களிலும் கிதாரை வழக்கமான முறையில் சுருதி கூட்டாமல், வைனோவின் சரிவுக்கு ஏற்ப உள்ளூர் முறைகளில் கூட்டும் பழக்கமும் வேரூன்றியிருக்கிறது.

சொற்களைப் பார்த்தாலும் எட்டசை யாப்பு மட்டும் கதையை முடித்துவிடாது. கெச்சுவாப் பாட்டில் ஓர் அடியைச் சொல்லி, அடுத்த அடியில் ஒரே ஒரு சொல்லை அதன் இணைச் சொல்லால் மாற்றித் திரும்பச் சொல்லும் முறை உண்டு. மழை என்று ஒரு அடி போனால் ஆலங்கட்டி என்று அடுத்தது வரும். இந்த இணையடி முறை குவாமன் போமா எழுதிவைத்த பாட்டுகளிலும் இருக்கிறது, இன்றைய வைனோக்களிலும் இருக்கிறது. ரோத்ரிகோ, லூயிஸ், எத்வின் மொந்தோயா சகோதரர்கள் 1987இல் வெளியிட்ட 333 கெச்சுவாப் பாடல்களின் தொகுப்பைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இதைக் காணலாம். நானூறு ஆண்டு இடைவெளியைத் தாண்டி எழுத்துச் சான்றோடு காட்டக்கூடிய தொடர்ச்சி என்றால் சுரத்தைவிட இதுவே உறுதியானது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆர்கெதாஸ் வைத்த வாதம்

ஹோசே மரியா ஆர்கெதாஸ் (1911–1969) பெருவின் பெரும் நாவலாசிரியர், இனவரைவியலாளர். அந்தவாய்லாஸில் பிறந்து, கெச்சுவா பேசும் வேலைக்காரர்களின் அரவணைப்பில் வளர்ந்தவர். 1938இல் வெளியான ‘காந்தோ கெச்வா’ என்ற இருமொழித் தொகுப்பின் முன்னுரையில் அவர் தொடங்கிய வாதம், இரண்டு பழைய தரப்புகளையும் இடம்பெயர்த்தது. வைனோ இன்காவுடையதா ஸ்பானியருடையதா என்று அவர் கேட்கவில்லை. இன்று அதைப் பாடுகிறவர் யார் என்று கேட்டார். பழங்குடிக் குடியானவரும் பாடுகிறார், மெஸ்தீசோ எனப்படும் நகரத்துக் கலப்பு மரபினரும் பாடுகிறார். இருவருக்கும் தங்கள் மனத்தை முழுமையாகச் சொல்ல வேறு பாட்டு இல்லை. பழங்குடித்தனம் என்றாலே வெட்கம் என்று நூற்றாண்டுகளாகப் பயிற்றுவிக்கப்பட்ட ஒரு சமூகத்தில், அந்த வெட்கத்தை உடைத்துக்கொண்டு கீழிருந்து மேலே ஏறிய இசை வைனோ என்பது அவர் பார்வை.

மேடைக்காகத் தைத்த இன்கா உடைகளை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்கின் வைனோவும் தனித்தன்மை கொண்டது, அந்தத் தனித்தன்மையோடுதான் அது உண்மையானது என்று வாதிட்டார். அரசின் கல்வித் துறையில் நாட்டார் கலைப் பிரிவில் பணியாற்றியபோது கலைஞர்களைப் பதிவு செய்தார். 1940களின் பிற்பகுதியில் மலைநாட்டு இசையை இசைத்தட்டில் பதிக்கும்படி ஒடியன் நிறுவனத்தை இணங்கவைத்ததில் அவருக்குப் பங்குண்டு. 1958இல் வந்த ‘ஆழ்ந்த ஆறுகள்’ நாவலில் சோளக்கள் விற்கும் கடையில் ஹார்ப்பும் வைனோவும் ஒலிக்கும் பகுதிகளைப் படித்தவர்கள், ஊர் மாறினால் பாட்டு எப்படி மாறுகிறது என்பதை அந்தக் காட்சிகளிலேயே கேட்டிருப்பார்கள்.

வைனோக்களில் அடிக்கடி வரும் வக்ச்சா என்ற கெச்சுவாச் சொல்லுக்கு அநாதை என்றும் பொருள், ஏழை என்றும் பொருள். சொந்தம் இல்லாதவனே ஏழை என்ற அந்த மொழியின் எண்ணத்தை ஸ்பானியத்தில் ஒரு சொல்லில் தர முடியாது. இருமொழி வைனோவில் ஓர் அடி கெச்சுவாவிலும் அடுத்த அடி ஸ்பானியத்திலும் வரும்போது இத்தகைய சொற்கள் கெச்சுவாவிலேயே தங்கிவிடுகின்றன. கலப்பு எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை என்பதற்கு இதைவிடக் கிட்டத்திலிருந்து பார்க்கும் சான்று குறைவு.

ஆர்கெதாஸின் வாதத்துக்கும் குறை உண்டு. மெஸ்தீசோ பண்பாடு என்ற நம்பிக்கை, கலப்பை இரு தரப்பும் விரும்பிச் செய்துகொண்டதுபோலக் காட்டிவிடும் ஆபத்து உடையது. 1781இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான துப்பாக் அமாரு எழுச்சியை அடக்கிய பின் விதித்த தண்டனையில் சங்கு ஊதுவதும் இன்கா உடையும் தடை செய்யப்பட்டன. இப்படித் தடைகளுக்கு நடுவே நடந்த கலப்பை இணக்கம் என்ற சொல்லால் மட்டும் விளக்க முடியாது. பெருநிலக்கிழார் வீட்டு முற்றத்தில் கிதாரோடு பாடிய ஆயகுச்சோ வைனோவும், தீத்திகாகா ஏரிக்கரையில் ஊரே சேர்ந்து சிக்கு ஊதும் வைன்யோவும் ஒரே பெயருக்குள் இருப்பதால் ஒரே வாழ்க்கையைச் சேர்ந்தவை ஆகிவிடுவதில்லை. ஆர்கெதாஸுக்கு இது தெரியாததல்ல. அவர் வாதத்தை எடுத்துக்கொண்டவர்கள் பலர் இதை விட்டுவிட்டார்கள்.

லிமாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

1940இல் ஏறத்தாழ ஆறரை லட்சம் பேர் வாழ்ந்த லிமா பெருநகர் 1972இல் 33 லட்சத்தைத் தொட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் மலைநாட்டினர். கொலிசேயோ எனப்பட்ட கூடார அரங்குகளில் ஞாயிறுதோறும் வைனோ நிகழ்ச்சிகள், விடியற்காலை வானொலியில் வைனோ, கடைகளில் வைனோ இசைத்தட்டு. பாஸ்தோரித்தா வராசினா, ஹில்கேரோ தெல் வாஸ்கரான், பிகாஃப்ளோர் தெ லோஸ் அந்தேஸ், ஃப்ளோர் புகாரினா என்று பறவையும் பூவும் மலையும் கலந்த மேடைப்பெயர்களோடு நட்சத்திரங்கள் எழுந்தார்கள். ஹில்கேரோ 1978இல் அரசியல் நிர்ணய சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். வைனோ அந்த அளவுக்கு வாக்கு வலிமையும் பெற்றிருந்தது.

பிறப்பு பற்றிய விவாதத்தை இந்தக் காலம் திசைதிருப்பியது. மந்தாரோ பள்ளத்தாக்கின் குழுக்கள் ஹார்ப், வயலினோடு கிளாரினெட்டையும் பிறகு சாக்ஸஃபோனையும் சேர்த்துக்கொண்டன. தூய்மை காக்க நினைத்தவர்களுக்குச் சாக்ஸஃபோன் ஒரு கேடு. பள்ளத்தாக்கு மக்களுக்கோ அது தங்கள் மரபின் குரல். ராவுல் ரொமேரோ 2001இல் வெளியிட்ட நூலில் இந்த மோதலை விரிவாக ஆராய்ந்து, எது மரபு என்று தீர்மானிப்பதில் அந்தச் சமூகத்தின் நினைவுக்கும் விருப்பத்துக்கும் உள்ள பங்கைக் காட்டினார். தாமஸ் துரினோ 1993இல் பூனோ மாவட்டத்தின் கோனிமா ஊரையும் லிமாவில் வாழும் அவ்வூர்க்காரர்களையும் பற்றி எழுதினார். சோய்லா மெந்தோசா, குஸ்கோவின் நாட்டார் கலை எப்படி அரங்குகளிலும் போட்டிகளிலும் வார்க்கப்பட்டது என்று ஆவணங்களோடு காட்டினார். ஜோஷுவா டக்கரின் 2013ஆம் ஆண்டு நூல், ஆயகுச்சோ வைனோவை வானொலிக்காரர்களும் பதிவு நிறுவனங்களும் எப்படி ஒரு வர்க்கத்தின் அடையாளமாக்கினார்கள் என்று ஆராய்கிறது. இவர்களெல்லாம் ஏறத்தாழ ஒரே திசையில் நிற்கிறார்கள். வேரைத் தேடுவதைவிட, வேர் என்று சொல்லப்படுவது யாரால் எப்போது கட்டப்படுகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

இந்த அணுகுமுறை விவாதத்தை உணர்ச்சிவசப்பட்ட நிலையிலிருந்து மீட்டது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எல்லாமே கட்டமைப்பு என்று முடித்துவிட்டால், கெச்சுவாவின் இணையடி போன்ற உண்மையான தொடர்ச்சிகளும் அதோடு கரைந்துவிடும். 1980 முதல் 2000 வரை நடந்த உள்நாட்டு வன்முறையில் 69,000க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள் என்பது உண்மை அறியும் ஆணையம் 2003இல் தந்த மதிப்பீடு. அவர்களில் முக்கால்வாசிப் பேர் கெச்சுவாவையோ வேறு பூர்விக மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள். அந்த ஆண்டுகளில் ஆயகுச்சோவில் இறந்தவர்களுக்காகப் பாடப்பட்ட வைனோக்களை அடையாள அரசியலின் கட்டமைப்பு என்று மட்டும் படிப்பது போதாது.

எல்லைக்கு அப்பால்

எக்குவடோரின் சான்ஹுவானித்தோ என்ற ஆட்டப்பாட்டைப் பற்றியும் இதே வழக்கு உண்டு. அது இன்காப் படையோடும் குடியேற்றங்களோடும் வடக்கே போன வைனோவின் பிள்ளை என்று தார்க்கூர் தம்பதியர் கருதினர். ஒத்தவாலோ அருகே உள்ள சான் ஹுவான் தெ இலுமான் பகுதியிலேயே பிறந்தது என்பது எக்குவடோர் தரப்பில் முன்வைக்கப்படும் பதில். தாளமும் ஐஞ்சுரமும் ஒத்திருப்பது உண்மைதான். ஒற்றுமையே உறவுக்குச் சான்றாகிவிடாது என்பதை மேலே பார்த்தோம்.

இன்னும் தெளியாதவை

இதுவரை கிடைத்தவற்றை எடைபோட்டால், சொல்லும் இணை ஆட்டமும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன்பே இருந்தன என்பது ஏற்கத்தக்கது. பாட்டின் இணையடி முறை பழைய கெச்சுவா மரபு என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. நரம்பிசையும் சுரக்கூட்டும் காலனிய காலத்து வரவுகள். இன்று நாம் கேட்கும் மெட்டுகளின் வயதைப் பற்றி உறுதியாகச் சொல்ல வழியில்லை. இன்கா வேர் என்ற வாதம் அதிகம் நம்பிய சான்றே, ஐந்து சுரமே, மிகவும் பலவீனமானது. ஆர்கெதாஸின் நிலைப்பாடு, அதிகார ஏற்றத்தாழ்வை மறக்காமல் எடுத்துக்கொண்டால், மற்றவற்றைவிட அதிகம் விளக்குகிறது.

தெளியாதவை பல. 1612க்கும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இடையே வைனோவுக்கு என்ன நேர்ந்தது? 1780களில் திருஹில்லோ ஆயர் மார்த்தீனேஸ் கொம்பான்யோன் தொகுக்கச் செய்த ஓவிய ஏடுகளில் இருபது இசைக்குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் கச்வா வருகிறது. அந்தக் கச்வாவுக்கும் இன்றைய வைனோவுக்கும் உள்ள உறவு இன்னும் தீர்க்கப்படவில்லை. ஐரோப்பிய ஊர்ப்புற ஆட்டங்களின் தாளம் ‘தா தக’வை எந்த அளவுக்கு வடிவமைத்தது என்பதும் அப்படியே நிற்கிறது. பங்குக் கோயில்களின் கணக்கேடுகளிலும் திருவிழாச் செலவுக் குறிப்புகளிலும் ஹார்ப் கலைஞருக்கும் வயலின் கலைஞருக்கும் கொடுத்த கூலியைத் தேடிப் படிப்பவர்களிடமிருந்து ஒருவேளை பதில் வரலாம்.

இன்னொரு குறை முறையியலைச் சார்ந்தது. ஒல்கின் தம் அகராதியில் கைகோத்து ஆடுவதைக் குறித்தார், மெட்டைக் குறிக்கவில்லை. அவருக்குப் பின் வந்த ஆய்வு நெடுங்காலம் மெட்டையே எழுதியது. காலடி, சுழற்சி, இணையர் கையை எப்போது விடுகிறார்கள், எப்போது பிடிக்கிறார்கள், ஃபூகாவில் யார் முதலில் தரையைத் தட்டுகிறார்கள் என்பவை பற்றிய ஒப்பாய்வு மெட்டுகளைப் பற்றியதைவிட மிகக் குறைவு. நானூறு ஆண்டுகளுக்கு முந்திய நேரடிச் சான்று சுட்டிய இடம் அதுதான். ஊர் ஊராக ஆட்டத்தைப் பதிவுசெய்து ஒப்பிடும் வேலையில் முதலில் பார்க்க வேண்டியதும் ஆடுகிறவர்களின் கைகளைத்தான்.